மூன்று முறை வந்தார்கள், ஒருமுறை போனேன்

2025 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது லண்டனிலிருந்து கல்லூரி நண்பன் அழைத்தான். ஜூன் 28ஆம் தேதி லண்டன் ஸ்டேடியத்தில் அயர்ன் மெய்டன் கச்சேரி. அவனிடம் ஒரு டிக்கெட் கூடுதலாக இருந்தது. "எத்தன வருஷமா பொலம்பிட்டிருக்க, கெளம்பி வாடி. எங்க வீட்லயே தங்கிக்கலாம். விசாவும் ஃபிளைட்டும் மட்டும் நீ பாத்துக்க" என்றான். கிரைண்டரை நிறுத்திவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை என்பது உண்மை. சேமிப்புக் கணக்கைப் பார்த்தேன். பாஸ்போர்ட் எந்த ஆண்டு வரை செல்லும் என்று பார்த்தேன். மகளிடம் சொன்னேன், அவள் "போம்மா, போ" என்றாள். இரவு எல்லோரும் படுத்தபிறகு இந்தச் சுற்றுப்பயணத்தைப் பற்றி இசைக்குழு வெளியிட்டிருந்த அறிவிப்பை நிதானமாகப் படித்தேன். குழு தொடங்கி ஐம்பது ஆண்டு ஆவதைக் கொண்டாடும் பயணம். பாடப்போவது முதல் ஒன்பது ஆல்பங்களின் பாட்டுகள் மட்டும். அதாவது 1980 முதல் 1992 வரை. அவர்கள் போட்டிருப்பது மொத்தம் பதினேழு ஆல்பங்கள். மீதி எட்டும் இந்தக் கொண்டாட்டத்தில் இல்லை.

நண்பனுக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். பணம்தான் காரணம் என்று அவன் நினைத்துக்கொண்டான். பாதியை நான் போடுகிறேன் என்றுகூடச் சொன்னான். பணம் இருந்தது. என் சொந்தச் சம்பளத்தில், யாரிடமும் கணக்குச் சொல்லத் தேவையில்லாமல், முதல்முறையாக இருந்தது. அப்படியிருந்தும் ஏன் வேண்டாம் என்றேன் என்பதை அவனுக்கு வாட்ஸ்அப்பில் விளக்க முடியவில்லை.

நான் வளர்ந்தது ஈக்காட்டுத்தாங்கலில். இப்போது மெட்ரோ ஸ்டேஷனும் கண்ணாடிக் கட்டடங்களும் இருக்கிற ஊராகத்தான் பலருக்கும் அதைத் தெரியும். என் சிறுவயதில் அது பட்டறைகளின் ஊர். 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையின் மிச்சசொச்ச வேலைகளெல்லாம் வழிந்து எங்கள் தெருக்களுக்கு வந்துவிடும். லேத், வெல்டிங், முலாம் பூசுவது, தகடு வெட்டுவது. அப்பா ஒரு பட்டறையில் டர்னர். எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பவர் பிரஸ் ஓடும். காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் மாலை வரை ஒரே தாளம். பரீட்சைக்குப் படிப்பதும் அந்தத் தாளத்தில்தான், அம்மா வெங்காயம் நறுக்குவதும் அந்தத் தாளத்தில்தான். அங்கே வேலை பார்த்த ஓர் அண்ணனுக்கு இரண்டு விரல்கள் போயின. பிறகு அவரை அதே பட்டறையில் வாட்ச்மேனாகப் போட்டார்கள்.

பின்னாளில் பிளாக் சப்பாத்தின் டோனி ஐயோமி கதையைப் படித்தபோது எனக்கு அந்த அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலை, பதினேழு வயது, வேலையை விட்டுப்போகும் கடைசி நாள், வலதுகையின் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, கிதாரின் தந்திகளைத் தளர்த்தி வாசித்தார். மெட்டலின் கனத்த ஒலிக்கு அந்தக் காயமும் ஒரு காரணம் என்பார்கள். "இரைச்சல்" என்று என் அத்தை சொன்ன அந்த இசை எனக்கு ஏன் அந்நியமாகப்படவில்லை என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். இந்த இசை மேல்தட்டுக் கான்வென்ட் பிள்ளைகளுக்கானது என்று நம் ஊரில் ஒரு எண்ணம் உண்டு. பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவளிடம் அதைச் சொல்லாதீர்கள்.

2000ஆம் ஆண்டு, கல்லூரி முதல் வருடம், நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க்கில் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' கேசட் வாங்கினேன். நான் வாங்கிய முதல் மெய்டன் கேசட் அதுதான். அதன் பின்கதை அப்போது எனக்குத் தெரியாது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993இல் குழுவை விட்டுப் போயிருந்தார். கிதார் வாசிப்பவர் ஏட்ரியன் ஸ்மித் அதற்கும் முன்பே போய்விட்டார். 1999இல் இருவரும் திரும்பி வந்தார்கள், வந்தவருக்காக இருந்தவரை அனுப்பாமல் மூன்று கிதார்களோடு புதிதாக ஒன்றைச் செய்தார்கள். அந்த ஆல்பம்தான் இது. நாற்பதைத் தாண்டியவர்கள், சண்டை போட்டுப் பிரிந்தவர்கள், திரும்பவும் உட்கார்ந்து புதிதாக ஒன்றைத் தொடங்க முடியும் என்பது எனக்கு அந்தக் கேசட்டில் கேட்டது. எங்கள் வீட்டில் நாற்பதைத் தாண்டிய யாரும் எதையும் புதிதாகத் தொடங்கி நான் பார்த்ததில்லை. நான் இவர்களிடம் போய்ச் சேர்ந்தது அந்த வாசல் வழியாக. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், என் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அவர்கள் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தது 2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். சென்னைக்கு வரவில்லை, இன்றுவரை வந்ததில்லை. எனக்கு இருபத்துநாலு வயது, கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டில் ஆபீஸ் டிரெய்னிங் என்று பொய் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை இரவு சென்ட்ரலில் ரயிலேறினேன். ஐந்து பையன்கள், நான் ஒருத்தி. ரயிலில் டி.டி.ஈ. டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என் கழுத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. கூட்டத்துக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் சோதனை வரிசையில் பெண்கள் மிகக் குறைவு, அதனால் சீக்கிரம் உள்ளே போய்விட்டேன். அன்று பெண்ணாக இருந்ததில் கிடைத்த ஒரே வசதி அது. டெல்லியின் பரிக்ரமா வாசித்தார்கள். லாரன் ஹாரிஸ் பாடினார். மேடையில் அன்று நான் பார்த்த ஒரே பெண் அவர். குழுவைத் தொடங்கிய பேஸ் கிதார்காரர் ஸ்டீவ் ஹாரிஸின் மகள். அப்பா வீட்டுக் கல்யாணத்தில் பாடவந்த பெண்ணைப் போலக் கூட்டம் அவரைப் பொறுத்துக்கொண்டது, எனக்கு முன்னால் நின்றவர்கள் அவர் பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள்.

பிறகு மெய்டன் மேடையேறினார்கள். இரண்டாவது பாட்டிலேயே ஒரு கை வந்தது. திரும்பிப் பார்த்தால் நூறு முகங்கள், நூறும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் சொன்னதும் நண்பர்கள் ஐவரும் கைகோத்து என்னைச் சுற்றி வளையம் போட்டார்கள். அவர்கள் நல்லவர்கள், இன்றும் என் நண்பர்கள். ஆனால் அந்த இரவின் மீதிக் கச்சேரியை நான் ஐந்து ஆண்களின் தோள்களுக்கு நடுவிலிருந்த சந்துகளில்தான் பார்த்தேன். ஸ்டீவ் ஹாரிஸ் மானிட்டர்மேல் காலை வைத்து நிற்கும்போது கால் தெரியும், அவர் தெரியமாட்டார். ஊர் திரும்பும்போது ஒருவன், "உன்னாலதான்டி பிட்டுக்குள்ள போக முடியல" என்றான், கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான்.

அந்தக் கச்சேரியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' வெளியாகியிருந்தது. 2006 பயணத்தில் அந்தப் புது ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, ஒரு பாட்டு விடாமல் மேடையில் வாசித்தார்கள். முப்பது வருடக் குழுவுக்கு அது பெரிய துணிச்சல். பழைய ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை, பழசைப் போடு என்றார்கள். 2007இல் புதுப்பாட்டுகள் ஐந்தாகக் குறைந்தன. பெங்களூரில் அந்த ஐந்தில் ஒன்றான 'ஃபார் த கிரேட்டர் குட் ஆஃப் காட்' ஒலித்தபோது, கடவுள் பெயரால் நடக்கும் போர்களைப் பற்றிய ஒன்பது நிமிடப் பாட்டு அது, எனக்கு அழுகை வந்தது. எங்கள் பக்கத்தில் நின்றவர்கள் அப்போதுதான் பியர் வாங்கப் போனார்கள்.

2008 பிப்ரவரி 1, மும்பை. டிக்கின்சனே போயிங் 757 விமானத்தை லண்டனிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். பயணத்தின் பெயரே 'சம்வேர் பேக் இன் டைம்'. எண்பதுகளின் பாட்டுகளை மையமாக வைத்த பயணம், அதன் முதல் கச்சேரி மும்பையில். எனக்குக் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. பையன்கள் போனார்கள். "இந்த தடவ ஃப்ரீயா இருந்தோம்" என்று போனில் சொன்னான் ஒருவன். 2009 பிப்ரவரி, மறுபடி பெங்களூர். நான் ஏழு மாதக் கர்ப்பிணி. பையன்கள் போனார்கள். போய்வந்து, "அதே பாட்டு, அதே எட்டி பொம்மை, அதே இடத்துல அதே பேச்சு, போரடிச்சிருச்சு" என்றார்கள். அதற்குப்பின் அவர்கள் இந்தியா பக்கமே வரவில்லை.

லண்டன் நண்பன் அந்த ஐவரில் ஒருவன்தான். இதுவரை ஒன்பது முறை பார்த்துவிட்டான். அவன் இப்போதும் இந்தக் குழுவைத் திட்டாத நாளில்லை. 'ஃபியர் ஆஃப் த டார்க்'கை ஒன்பது முறை கேட்டேன், 'த ட்ரூப்பர்' வந்தால் கொடியை ஆட்டுவார் என்று குழந்தைக்கும் தெரியும், இவர்களுக்கு வெட்கமே இல்லையா, காசு கறக்கிறார்கள் என்பான். நானும் அதையேதான் சொல்கிறேன் என்று அவன் நினைக்கிறான். பல வருடங்கள் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அலுப்பதற்குக்கூட முதலில் பந்தியில் உட்கார இடம் கிடைத்திருக்க வேண்டும். அவனுடைய புகார் நாலாவது முறை அதே சாப்பாடு பரிமாறப்பட்டவனுடையது. நான் முதல் பந்தியில் பாதியில் எழுப்பப்பட்டவள். எனக்கும் அலுப்பு இருக்கிறது, ஆனால் அது பாட்டுகள்மேல் இல்லை.

மகள் பிறந்த சமயத்தில்தான் அந்தப் பயணத்தைப் பற்றிய ஆவணப்படம் 'ஃப்ளைட் 666' வெளியானது. குழந்தை தூங்கும் நேரத்தில் துண்டு துண்டாகப் பார்த்தேன். அதில் கொலம்பியாவில் ஒரு ரசிகர் வருவார். டிரம்ஸ் குச்சி ஒன்று அவர் கையில் கிடைத்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழிய நிற்பார். பேச்சு வராது. உலகம் முழுவதும் மெய்டன் ரசிகர்களுக்கு அந்த முகத்தைத் தெரியும், அது பக்தியின் படமாகிவிட்டது. எனக்கும் அது மிகவும் பிடிக்கும். ஒரு ஆண் அப்படிப் பொது இடத்தில் உருகி நிற்பது எவ்வளவு அழகு. அந்த இடத்தில் ஒரு பெண் அழுதிருந்தால் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். பீட்டில்ஸுக்காக அழுத பெண்களைப் பற்றி ஹிஸ்டீரியா என்றுதானே எழுதினார்கள். எனக்கே நடந்திருக்கிறது. ஆபீஸில் மெய்டன் படம் போட்ட டம்ளரில் காபி குடித்ததைப் பார்த்து ஒருவர், "மூணு பாட்டு சொல்லுங்க பாப்போம்" என்றார். 2000க்குப் பிறகு வந்த மூன்றைச் சொன்னேன். "அதெல்லாம் கணக்கில்ல, பழசுல சொல்லுங்க" என்றார்.

பழசு. அந்தப் பழசில் என்ன இருக்கிறது என்றும் பார்க்கலாம். குழுவின் பெயரில்தான் பெண் இருக்கிறாள், இரும்புக் கன்னி, அதுவும் ஒரு சித்திரவதைக் கருவியின் பெயர். ஐம்பது ஆண்டில் ஒரு பெண்கூட உறுப்பினராக இருந்ததில்லை. முதல் ஒன்பது ஆல்பங்களில் எனக்கு நினைவில் நிற்கும், பெயருள்ள ஒரே பெண் சார்லட். பாலியல் தொழிலாளி. 1980இல் முதல் ஆல்பத்தில் வருகிறாள், 1982இல் அவள் வீட்டு முகவரியே பாட்டின் தலைப்பாகிறது, 1992 வரை அவ்வப்போது திரும்பிவருகிறாள். 1980இன் ஒரு சிங்கிள் அட்டையில் குழுவின் பொம்மை எட்டி மார்கரெட் தாட்சரைக் கத்தியால் குத்திவிட்டு நிற்கும். தாட்சர்மேல் எனக்கு ஒரு பரிவும் இல்லை, ஆனாலும் பதினெட்டு வயதில் அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நான் கவனித்தது கீழே கிடந்த பெண்ணின் பாவாடையைத்தான். இதையெல்லாம் வைத்துக்கொண்டு இவர்களைத் தூக்கியெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' ஆல்பம் இல்லாமல் என்னால் சமைக்க முடியாது. ஆனால் பொற்காலம் என்று ஒரு காலத்துக்குக் கோடு போட்டு, அதற்குள் மட்டுமே ஐம்பதாம் ஆண்டு விழாவை வைக்கும்போது, அந்தப் பொன் யாருடையது என்று கேட்கத் தோன்றுகிறது. 1984இல் பதினைந்து வயதாக இருந்த ஒரு பையனுடைய இளமைக்காலம் அது. அவன் வாழ்நாள் முழுவதும் அதற்குத் திரும்பிப் போக டிக்கெட் விற்கிறார்கள்.

லண்டனில் அதே காலத்தில், அதே மதுக்கடை மேடைகளில் இன்னொரு குழுவும் வாசித்துக்கொண்டிருந்தது. கேர்ள்ஸ்கூல். 1978இல் தொடங்கியது, எல்லோரும் பெண்கள். மெய்டனின் முதல் ஆல்பம் வந்த 1980இல்தான் இவர்களுடைய முதல் ஆல்பமும் வந்தது. 1981இல் மோட்டர்ஹெட் குழுவோடு சேர்ந்து போட்ட இசைத்தட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் ஐந்தாம் இடம்வரை போனது. கிதார் வாசித்த கெல்லி ஜான்சன் 2007இல், நாங்கள் பெங்களூர் போய்வந்த நாலு மாதத்தில், புற்றுநோயில் இறந்தார். நாற்பத்தொன்பது வயது. மற்றவர்கள் அதன்பிறகும் சிறிய அரங்குகளில், பெரிய விழாக்களின் மதிய நேரத்தில், அந்தப் பழைய பாட்டுகளையேதான் வாசித்துவந்தார்கள். அவர்கள் திரும்பத் திரும்பப் பாடுவதைப் பற்றி யாரும் சலித்துக்கொண்டு நான் படித்ததில்லை. சலித்துக்கொள்ளும் அளவுக்கு யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா இருந்தார். மெல்லிசைக் குழுவில் பாடுவார், கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழா. பத்து வருடம் ஜானகி, சுசீலா, சித்ரா பாட்டுகளை அப்படியே பிசகாமல் பாடினார். இரவு ஒரு மணிக்கு மேக்கப்போடு வேனிலிருந்து இறங்கும்போது தெரு முழுவதும் ஜன்னல் வழியாகப் பார்க்கும். முப்பத்தெட்டு வயதில், உடம்பு போட்டுவிட்டது என்று சொல்லி குழுக்காரர் வேறொரு சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டார். எஸ்.பி.பி. குரலில் பாடிய ஆணுக்கு அப்போது ஐம்பத்திரண்டு, அவர் தொடர்ந்தார். அக்கா கடைசிவரை சொன்னது, "எனக்குப் புதுப்பாட்டு வேணாம்டி, அந்தப் பழைய பாட்டையே இன்னும் கொஞ்ச நாள் பாட விட்டிருந்தா போதும்."

அவர் அப்படிச் சொன்னது என் வாதத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திரும்பச் சொல்வதே குற்றம் என்றால் மயிலாப்பூர் சபாக்களைப் பூட்டவேண்டும், மார்கழிதோறும் அதே தியாகராஜர், அதே தீட்சிதர். பெங்களூர் நாகரத்தினம்மாள் திருவையாற்றில் சொந்தக் காசைப் போட்டு தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டினார். ஆனால் ஆராதனையில் பாடப் பெண்களுக்கு அனுமதியில்லை. 1920களில் அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார், 1940களின் தொடக்கத்தில்தான் கட்சிகள் ஒன்றாயின. அத்தனை வருடம் போராடி அந்தப் பெண்கள் உள்ளே போய்ப் பாடியது புதுப் பாட்டையா? அதே கீர்த்தனைகளைத்தான். வெளியே நிறுத்தப்பட்டவளுக்கு, ஏற்கனவே நூறுமுறை பாடப்பட்ட பாட்டைத் தானும் பாடுவதே ஒரு உரிமைதான். அப்படியானால் நான் ஏன் லண்டனுக்குப் போய் அந்தப் பழைய பாட்டுகளைத் தொண்டை கிழியப் பாடியிருக்கக் கூடாது? ஏப்ரலில் இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. ஜூன் மாதத்தில் கேட்டேன், அதற்குள் டிக்கெட் வேறொருவருக்குப் போய்விட்டது.

என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். 2025 ஜூனில் ஸ்டீவ் ஹாரிஸுக்கு அறுபத்தொன்பது வயது. டிக்கின்சன் தொண்டைப் புற்றுநோயிலிருந்து மீண்டு பாடுகிறார். டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்ன் 2023இல் பக்கவாதம் வந்தபிறகும் உட்கார்ந்து வாசித்து, எழுபத்திரண்டு வயதில், 2024 டிசம்பரில்தான் பயணங்களை நிறுத்தினார். அவர்கள் பாடுவது எனக்குப் பிரச்சினையில்லை, தொண்ணூறு வயதுவரை பாடட்டும். 2023இல், 1986ஆம் ஆண்டின் 'அலெக்சாண்டர் த கிரேட்' பாட்டை முதல்முறையாக மேடையேற்றியபோது நானும் நள்ளிரவில் வீடியோ தேடி அலைந்தேன். பழசிலும் புதிது இருக்கும், தேடினால். ஆனால் 1992இல் வரலாற்றை முடித்துவிட்டுக் கேக் வெட்டும்போது, நான் வந்துசேர்ந்த 2000, நான் பொய் சொல்லி ரயிலேறிய 2007, எல்லாமே பின்குறிப்பாகிவிடுகின்றன. ஆபீஸில் கேட்டவர் சொன்னதுபோல, அதெல்லாம் கணக்கில்லை. அந்த ஐந்து புதுப்பாட்டுகளை நான் தோள் சந்தில் கேட்டதோடு சரி, இனி அவற்றை முழுதாகப் பார்க்க வாய்ப்பிருக்கும் என்று தோன்றவில்லை.

2007 கச்சேரியின் அடையாளமாக என்னிடம் இருந்தவையும் இப்போது இல்லை. 2015 டிசம்பர் 2ஆம் தேதி அடையாற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்தது. அம்மா வீட்டின் கீழ்த்தளத்தில், கட்டிலுக்கடியில், ஒரு அட்டைப்பெட்டியில் கேசட்டுகளும் டிக்கெட்டும் இருந்தன. மூன்று நாள் கழித்துப் போனபோது பெட்டி கூழாகியிருந்தது. பேலஸ் கிரவுண்ட்ஸில் வாங்கிய டி-ஷர்ட் மட்டும் கொடியில் இருந்ததால் தப்பியது. வாங்கும்போது ஆண்கள் அளவுதான் இருந்தது, கர்ப்ப காலம் முழுக்க அதைத்தான் நைட்டியாகப் போட்டிருந்தேன். அம்மா அதை எடுத்துத்தான் சேறு துடைத்துக்கொண்டிருந்தார். "நல்ல கெட்டித் துணிடி, தண்ணிய நல்லா இழுக்குது" என்றார். எட்டியின் முகத்தில் அடையாற்றுச் சேறு. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மாவிடம் அன்றுதான், எட்டு வருடம் கழித்து, பெங்களூர் டிரெய்னிங் பொய்யைச் சொன்னேன். துடைப்பதை நிறுத்தாமல், "தெரியும்" என்றார். எப்படித் தெரியும் என்று இன்றுவரை சொல்லவில்லை.

மகளுக்குப் பதினாறு வயது. அவளுக்கு மெய்டன் பிடிக்காது, தாத்தா பாட்டு என்பாள். அவள் கேட்பது வாய்ஸ் ஆஃப் பாசப்ரோட், இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் காருட் ஊரைச் சேர்ந்த மூன்று பெண்கள். பள்ளியில் தொடங்கி, ஹிஜாபோடு மெட்டல் வாசித்து, 2022இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவுக்கும் 2024இல் கிளாஸ்டன்பரிக்கும் போனவர்கள். ஒருநாள் மெட்ரோவில் வரும்போது ஒரு காதில் அவளும் ஒரு காதில் நானுமாகக் கேட்டுக்கொண்டு வந்தோம். நன்றாக இருந்தது. ஆனால் என் பாட்டு இல்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஜூன் 29, இங்கே விடியற்காலை மூன்று மணி இருக்கும், நண்பனிடமிருந்து வீடியோ வந்தது. செல்போனை உள்ளே வைத்துவிட்டுக் கச்சேரியைப் பாருங்கள் என்று குழுவின் மேனேஜர் ராட் ஸ்மால்வுட் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். இவன் கேட்கிற ஆளா. நாற்பது விநாடி, 'ஃபியர் ஆஃப் த டார்க்'. ஸ்டேடியம் முழுக்க அந்த மெட்டைப் பாடுகிறது. கை ஆடிக்கொண்டே எடுத்திருந்தான். நடுவில் படம் ஒரு பக்கம் சாய்ந்து, அவனுக்கு முன்வரிசையில் ஒரு பெண் தெரிந்தாள். நரைத்த முடி, கொண்டை, என் வயதோ கொஞ்சம் மூத்தவளோ. சுற்றி ஒருவரும் வளையம் போடவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். மூன்று விநாடிதான், படம் மறுபடி மேடைக்குப் போய்விட்டது. அந்த மூன்று விநாடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முகம் தெரியவில்லை.

"உன் முன்னாடி பாடிட்டிருந்தாங்களே, அவங்க யாரு?" என்று கேட்டு அனுப்பினேன்.

காலை எட்டு மணிக்குப் பதில் வந்திருந்தது. "யாரு? நான் பாக்கலயே. செம்ம ஷோடி. ஆனா அதே பாட்டுதான்."